எட்டுப் பத்து பஸ்ஸைக் கிளப்பிய கிளி

ஜூலை மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். ஆண்டைச் சொல்லப் போவதில்லை. இந்தத் தொடரில் இதுவரை ஆண்டு எதையும் சொன்னதில்லை. ஒரு கிளிக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வதாகவும் இல்லை. தேதியும் மணியும் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அவை இரண்டும் அன்று மாலையே எங்கள் வீட்டுக் கூடத்தில் சாட்சியமாகப் பதிவானதுதான்.

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. முன்ஜன்னலுக்குக் கீழேயே பஸ் நிறுத்தம் என்றால் அது மிகை. நடுவில் இருபத்திரண்டு அடி இருக்கிறது. அப்பா அளந்திருக்கிறார்.

மதுரைக்குள் போகிற எட்டுப் பத்து டவுன் பஸ் வந்து நின்றது. பெண்கள் முன்படியில் ஏறினார்கள். நான் கடைசியாக ஏறினேன். எல்லாரும் ஏறிய பிறகு ஏறுவதே என் பழக்கம். முந்தி ஏற வேண்டுமானால் யாரிடமாவது “கொஞ்சம் நகருங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பின்படியில் ஒரு தகராறு. கத்திரிக்காய்க் கூடையோடு ஓர் அம்மாள் ஏறிவிட்டார், கூடை ஏறவில்லை. கண்டக்டர் பாண்டி கீழே இறங்கி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, இம்புட்டுப் பெரிய கூடையப் படியில வச்சா ஆளு எப்படி ஏறுறது?”

“நீ தூக்கி உள்ள வையி. சும்மாதான நிக்கிற?”

“நான் சும்மா நிக்கிறேனா? நல்லாருக்கே நாயம்!”

சொல்லிக்கொண்டே அவர் குனிந்து, இரண்டு கைகளாலும் கூடையைத் தூக்கினார். அந்த நேரத்தில் இரண்டு விசில் கேட்டது. தொடர்ந்து ஒரு சின்னத் தொண்டைச் செருமல். அப்புறம், கணீரென்று: “போலாம் ரைட்!”

பஸ் கிளம்பிவிட்டது.

கண்டக்டர் சாலையில் நின்றார். கூடை அவர் தலையில் இருந்தது. விசில் அவர் சட்டைப் பையில் இருந்தது.

டவுன் பஸ்ஸின் சட்டம் எளிமையானது. ஒரு விசில் என்றால் நில்; இரண்டு விசில் என்றால் கிளம்பு. டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வண்டி நாள் முழுவதும் போய் வருகிறது. “ஏ கண்டக்டரு, என் கத்திரிக்கா!” என்று பின்னாலிருந்து எழுந்த அலறலை டிரைவர் சேது தினசரிச் சத்தங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் நிற்கச் சொல்லி விசில் வரவில்லை, அவர் நிற்கவில்லை. அதற்கடுத்த நிறுத்தத்திலும் வரவில்லை, அங்கும் நிற்கவில்லை. கைகாட்டிய மனிதர்கள் காட்டிய கையோடு பின்னால் போனார்கள். மூன்றாவது நிறுத்தத்தில்தான் பயணிகள் எல்லாரும் ஒன்றாகக் கூச்சலிட்டு வண்டியை நிறுத்தினார்கள்.

நான் கூச்சலிடவில்லை. எனக்கு வழக்கமில்லை என்பது ஒரு காரணம். அந்த விசிலும் குரலும் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வந்தன என்பது இன்னொரு காரணம்.

ஐந்து நிமிடம் கழித்துப் பாண்டி வந்து சேர்ந்தார். ஓர் இளநீர்க்காரரின் சைக்கிள் கேரியரில், மடியில் கத்திரிக்காய்க் கூடையோடு. டிரைவரின் தங்கையைக் கட்டியவர் அவர். ஒரே வண்டியில் வேலை பார்க்கும் மைத்துனர்கள் என்பதால் இருவரும் சத்தம் போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அன்று போட்டது வேறு சத்தம்.

“யோவ் மச்சான், என்னய விட்டுட்டு எங்கய்யா போற?”

“நீதான மாப்ள ரெண்டு விசில் குடுத்த!”

“கையில கூடை. வாயில ஒண்ணும் இல்ல. எதை வச்சு ஊதுறது?”

“ரைட்டுன்னு வேற சொன்ன!”

“நான் சொல்லவே இல்ல.”

“அப்ப ஒன் ஆவி வந்து சொல்லுச்சா?”

முன்படியில் நின்றிருந்த நான் திரும்பி எங்கள் வீட்டுத் திசையைப் பார்த்தேன். பயம் பாதி. மீதிப் பாதி என்னவென்று சொன்னால் கண்டக்டர் மன்னிக்க மாட்டார்: மகிழ்ச்சி. என் கிளி பேசிவிட்டது.

மூன்று பெயர்கள்

பசுமலையில் உள்ள கல்லூரியில் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் சூறைக்காற்று அடித்துக் கல்லூரி வளாகத்தில் ஒரு பட்ட மரம் சாய்ந்தது. அதன் பொந்திலிருந்து விழுந்த குஞ்சை யாரும் எடுக்கவில்லை. இறகு பாதி, தோல் பாதியாக, கோபக்காரக் கிழவரின் முகத்தோடு அது மண்ணில் உட்கார்ந்திருந்தது. என் மதிய உணவு டப்பாவைக் கழுவி, கைக்குட்டையை விரித்து, அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டப்பாவில் அன்று எலுமிச்சைச் சாதம் இருந்தது. ஒரு வாரம் வரை அந்தக் குஞ்சின் மேல் எலுமிச்சை வாசனை வீசியது.

நான் அதற்குக் கிள்ளை என்று பெயர் வைத்தேன். அம்மா அதைப் பச்சமுத்து என்றார். “கிள்ளையாம் கிள்ளை. கூப்பிட்டா வாயில வருதா அது?” அப்பா இரண்டையும் ஏற்காமல் ‘எதிரி’ என்று அழைத்தார். பகை ஒன்றும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டுத் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்பா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பாராட்டாகவோ வருத்தமாகவோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேதிகளில் இரண்டு திருத்தம் சொன்னார். வீட்டில் காய்கறி வாங்குவது முதல் வெள்ளையடிப்பது வரை எல்லாவற்றுக்கும் அவர் வாய்தா போடுவார். வாய்தா தவறினால் விசாரணை உண்டு.

கிள்ளை எதிரியானதற்கு உருப்படியான காரணம் இருந்தது. நகல் எடுக்க அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு வழக்குக் கட்டின் மூலையை அது அரை வட்டமாகக் கடித்துத் தின்றுவிட்டது. உணவல்லாதவற்றில் அதற்குப் பிடித்தது காகிதம். காகிதங்களில் பிடித்தது முத்திரை வைத்த காகிதம்.

அப்பா கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார்.

“பேசுற கிளின்னா வீட்டுக்கு ஒரு பிரயோசனம். இது வெறும் வாய்.”

“பேசப் பழக்குகிறேன் அப்பா” என்றேன்.

“என்ன சொன்ன? கேக்கலை.”

மறுபடி சொன்னேன்.

“நீ? நீ பழக்கப் போற?” அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார். “சரி. வாய்தா தாரேன். அதுக்குள்ள பேசலைன்னா டி. கல்லுப்பட்டி. இந்த வீட்டுல வாய் தொறக்காத ஆளு ஒண்ணு போதும்.”

டி. கல்லுப்பட்டியில் என் பெரியப்பாவின் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பில் நிழலும் கிணறும் உண்டு. பெரியப்பா வளர்க்கும் ஐந்து பூனைகளும் உண்டு. கையில் வளர்ந்த குஞ்சு. கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பறப்பதற்குள் நடுவில் நாற்காலியில் இளைப்பாறும். அங்கே அது எத்தனை நாள் இருக்கும் என்பதை நான் கணக்கிட விரும்பவில்லை.

வருக, அமர்க

பாடத்திட்டத்தை ஒரு நோட்டில் எழுதினேன். முதல் சொல்: வருக. இரண்டாவது: அமர்க. மூன்றாவது: நலமா? வல்லினம் குறைவாகவும் உயிரொலி திறப்பாகவும் உள்ள சொற்கள் இளம் நாவுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. கிளியின் நாக்கைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

காலை ஆறு முதல் ஆறரை, மாலை ஐந்தரை முதல் ஆறு. கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காத குரலில், கூண்டின் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துச் சொல்வேன். நோட்டின் குறிப்புகள் இப்படி இருக்கின்றன:

‘ஒன்பதாம் நாள். வருக: நாற்பது முறை. விளைவு: மௌனம். மிளகாய் தின்றது.’

‘இருபத்து மூன்றாம் நாள். வருக: அறுபது முறை. அமர்க: இருபது முறை. விளைவு: தலையைச் சாய்த்தது. நம்பிக்கை. பின்னர் அது தூக்கம் என்று தெரிந்தது.’

‘நாற்பதாம் நாள். எனக்குத் தொண்டை கட்டியது. விளைவு: என் ஜலதோஷத் தும்மலைக் கூர்ந்து கவனித்தது.’

பாட நேரம் முடிந்ததும் அம்மா கூண்டை எடுத்து முன்ஜன்னலில் மாட்டிவிடுவார். கொல்லைப்புறத்தில் மாட்ட முடியாது. பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் ஏறி உட்கார்ந்து நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். முன்ஜன்னலில் வெயில் உண்டு, காற்று உண்டு, வேடிக்கையும் உண்டு. நாளொன்றுக்கு முப்பத்தாறு பஸ் அங்கே நின்று போகும் என்பதை நான் கல்வி நோக்கில் எண்ணிப் பார்க்கவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் நாகலட்சுமியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், எழுதுவது தமிழ், சண்டை மட்டும் இரண்டிலும். வீட்டோடு மூன்று தறி ஓடுகிறது. அவர்களும் ஒரு கிளி வளர்த்தார்கள்.

“அது என்ன பேசும்?” என்று கேட்டேன்.

“தறிதான். காலைல ஆறு மணிக்கு எல்லாருக்கும் முன்னாடி கடக் கடக்னு ஆரம்பிச்சிரும். எங்கப்பா எந்திரிச்சு, யாருடா அதுக்குள்ள நெய்யிறதுன்னு ஓடி வருவாரு.”

“சொல் எதுவும் சொல்லாதா?”

“எங்க வீட்டுல அம்புட்டுச் சத்தமாச் சொல்றது எதுவும் இல்லையே.” அவள் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ எப்படிச் சொல்லிக் குடுக்குற? சொல்லிக் காட்டு.”

சொல்லிக் காட்டினேன்.

“என்னாடி, உதடு மட்டும் அசையுது? வகுப்புல நீ உள்ளேன் ஐயா சொல்றதே எனக்குக் கேக்காது. கிளி என்னா பாவம் பண்ணுச்சு?”

அது நியாயமான கேள்வி. அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று நாள், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதே நான் வராதவளாகக் குறிக்கப்பட்டிருந்தேன். நான்காவது நாளிலிருந்து நாகலட்சுமி எனக்கும் சேர்த்து இரண்டு குரலில் உள்ளேன் சொல்லிவந்தாள்.

இந்த நிலையில்தான் வாய்தாக்கள் கழிந்தன. முதல் வாய்தாவில் கிள்ளையைக் காப்பாற்றியது அம்மா. இரண்டாவதை, கிள்ளைக்குச் சளி என்று சொல்லி நானே தள்ளிவைத்தேன். மூன்றாவதைத் தரும்போது அப்பா, “இதுதான் கடைசி” என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். ஜூலை பதினொன்று, மாலை ஆறு மணி.

ஐம்பத்தெட்டு நாள் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கடைசி நாள் காலையில்தான் என் மாணவன் வாய் திறந்தான். திறந்த வாயில் பஸ் போய்விட்டது.

ஆறு மணி

அன்று கல்லூரியில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. என் சிக்கலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதினேன்: கிள்ளை பேசாவிட்டால் டி. கல்லுப்பட்டி. பேசினால், பேசுவது இதுவென்று தெரிந்தால், அப்போதும் டி. கல்லுப்பட்டி.

நாகலட்சுமி எட்டிப் படித்துவிட்டு, மேசைக்கடியில் குனிந்து ஐந்து நிமிடம் சிரித்தாள். அவளால் எந்த உதவியும் இல்லை.

மாலை ஆறுக்கு அப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். முக்காலியில் கூண்டு. அம்மா வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“எதிரி ஆஜரா?” என்றார் அப்பா.

“ஆஜராம, அது எங்க போகப் போகுது?” என்றார் அம்மா.

“பேசச் சொல்லு.”

நான் குனிந்து “வருக” என்றேன். கிள்ளை ஒரு காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது. “அமர்க.” மறு காலைத் தூக்கியது.

“பச்சமுத்துக்கு இன்னைக்குப் பேச இஷ்டமில்ல போல. விடுங்களேன்” என்றார் அம்மா.

“இஷ்டத்தைக் கேட்டா கோர்ட்டு நடத்துறது?”

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். காக்கிச் சட்டையில் இருவர்: கண்டக்டர் பாண்டி, டிரைவர் சேது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“ஐயா, தப்பா நெனைக்கக் கூடாது” என்று பாண்டி ஆரம்பித்தார். “காலைல விசிலு ஒங்க வீட்டு ஜன்னல்ல இருந்து வந்துச்சுன்னு டீக்கடை அண்ணே சொல்றாரு. வீட்டுல யாருக்காச்சும் விசிலடிக்கிற பழக்கம் உண்டுங்களா?”

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வீட்டுல இருக்குறது மூணு பேரு. நான் அரசாங்க ஊழியன். இவ அரிசி புடைக்கிறா. அது என் மக. அது விசிலடிச்சு நீங்க கேட்டீங்களா?”

பாண்டி என்னைப் பார்த்தார். இரண்டு வருடமாக அவர் வண்டியில் போகிறேன். காசை நீட்டுவேன், சீட்டு வாங்குவேன். “இல்லைங்கய்யா. இந்தத் தங்கச்சி பேசியே நான் கேட்டதில்ல” என்றார் அவர் உறுதியாக.

“அப்ப இவன்தான் ஊதிருக்கான்” என்றார் சேது. “ஊதிட்டு இல்லைன்றான். எந்தங்கச்சி வாழ்க்கையே இப்பிடிப் புளுகன்கிட்ட போச்சே!”

“மச்சான், வண்டிப் பேச்சை வண்டியோட வையி!”

அம்மா எழுந்து காபி போடப் போனார். வீட்டுக்கு வந்தவர்கள் எதற்காக வந்தாலும் முதலில் காபி என்பது அவருடைய சட்டம். அதில் அப்பாவுக்கும் அதிகாரம் இல்லை. ஆளுக்கொரு டம்ளர் வந்தது. கிள்ளைக்கு ஒரு மிளகாய் வந்தது. நான் கிள்ளையைப் பார்த்தபடி நின்றேன். பேசிவிடு. பேசிவிடாதே. எதைக் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

பாண்டி காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

கிள்ளை மிளகாயைக் கீழே போட்டது. கழுத்தை நீட்டியது. இரண்டு விசில், ஒரு செருமல், பிறகு, கூடம் அதிர: “போலாம் ரைட்!”

சேதுவின் வலது கால் தரையை அழுத்தியது. இடது கை தானாக நீண்டு, இல்லாத கியரைப் போட்டது. அந்த இடத்தில் அவருடைய காபி டம்ளர் இருந்தது. அது உருண்டு போய் அப்பாவின் காலடியில் நின்றது.

முதலில் பேசியவர் சேது. “மாப்ள, மன்னிச்சுக்க. ஒங்கொரலேதான். சாமி சத்தியமா ஒங்கொரலு.”

பாண்டி கூண்டின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் கோபம் என்பதே இல்லை. “எங்கொரலு இம்புட்டுக் கணீர்னா இருக்கு? மச்சான், நீ ஒரு நாளு சொன்னதில்லையே! இந்தா, இன்னொரு தடவ சொல்லு கண்ணு.”

கண்ணு சொன்னது. சேதுவின் கால் மறுபடி அழுந்தியது.

உத்தரவு

அப்பா வேட்டியில் தெறித்த காபியைத் துடைத்துக்கொண்டார்.

“பேசணும்னு போட்ட நிபந்தனை நிறைவேறிருச்சு. அதை ஒப்புக்கிறேன். ஆனா பொதுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் பண்ணினது தனிக் குற்றம். நாளைக்கு ஒருத்தரு படியில ஒரு கால வச்சிருக்கும்போது இது ஊதினா என்ன ஆகும்?”

அவர் சொன்னது உண்மை, அதுவரை நானும் அதை நினைக்கவில்லை. படியில் ஏறும் மனிதர்களின் கால்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன.

“தோப்புக்கு அனுப்பிட வேண்டியதுதான்” என்றார் அப்பா. குரலில் முன்பிருந்த உற்சாகம் இல்லை.

நான் ஏதோ சொன்னேன்.

“சத்தமாச் சொல்லு.”

“அங்கே பூனை இருக்கிறது அப்பா.”

இரண்டாவது முறை எல்லாருக்கும் கேட்டது. பாண்டி எழுந்து நின்றார். “பூனையா? ஐயா, பிராது குடுத்தவன் நானு. நானே வாபஸ் வாங்கிக்கிறேன். விசிலுக்குப் பதிலா பஸ் பாடியத் தட்டிச் சொல்லிட்டுப் போறேன்.”

“தட்டுறதா?” என்றார் சேது. “காலைல பின்னாடி தொங்குற பயலுக பூராவும் தட்டிக்கிட்டுத்தான வாரானுக. எது ஒங்கையின்னு நான் கண்டேனா? இந்த ஸ்டாப்புல எனக்கு விசிலும் வேணாம், ஒங்கொரலும் வேணாம். ஒனக்கும் கிளிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை. வேற ஆளு, முன்படியில எம்பக்கத்துல நின்னு, வாயத் தொறந்து சொன்னா எடுக்குறேன்.”

“காலை வண்டியில முன்படியில கடைசியா ஏறுறது யாரு?” என்று அப்பா கேட்டார்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். கிள்ளைகூடத் திரும்பியது.

அப்பா மேசைக்குப் போய், ஒரு தாளை எடுத்து, மார்ஜின் மடித்து எழுதினார். எழுதி முடித்துப் படித்தும் காட்டினார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது:

‘எதிரிக்கு நிபந்தனை ஜாமீன் வழங்கப்படுகிறது. மற்ற வேளைகளில் கூண்டு கூடத்தின் உள்ளே, கதவு சாத்தி வைக்கப்பட வேண்டும். காலை எட்டு மணி பத்து நிமிட வண்டிக்கு மட்டும், வெயிலின் பொருட்டு, ஜன்னல் அனுமதிக்கப்படுகிறது. அவ்வேளையில் அனைவரும் ஏறிவிட்டதை உறுதி செய்துகொண்டு, வண்டியை எடுக்கலாம் என்பதை ஜாமீன்தாரர், அதாவது மகள், ஓட்டுநரின் காதில் விழும்படி தம் சொந்தக் குரலில் அறிவிக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஜாமீன் ரத்து.’

வெயில் மற்ற வேளைகளிலும் அடிக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஜாமீனில் வந்தவர்கள் தினமும் காலையில் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு அப்பா விதித்தது அந்த மாதிரியானது. கையெழுத்துக்குப் பதில் கூச்சல். அறுபது பேர் முன்னிலையில்.

“நீ பேசிருவியா தாயி?” என்று சேது சந்தேகமாகக் கேட்டார்.

தலையை ஆட்டினேன்.

“இந்தா, இதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார் அவர்.

புதன்கிழமை

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு கிள்ளையின் முன் உட்கார்ந்தேன். அன்று பாடம் எனக்கு. ‘போலாம் ரைட்’ என்பதை என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது; அது பாண்டியின் சொத்து, இப்போது கிள்ளையின் சொத்தும்கூட. ‘புறப்படலாம்’ என்று தேர்ந்துகொண்டேன். முப்பது முறை சொன்னேன். கிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டது. இம்முறை அது தூக்கமில்லை.

எட்டு மணிக்கு நிறுத்தத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். டீக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்து நின்றார். கத்திரிக்காய்க் கூடைக்கார அம்மாள் அன்று கூடையில்லாமல் வந்திருந்தார். விசாரித்ததில், சும்மா பார்க்கத்தான் என்றார். அப்பா கோர்ட்டுக்குப் புறப்படாமல், ஜன்னலில், கூண்டுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

எட்டுப் பத்து வந்தது.

எல்லாரும் ஏறினார்கள். நான் கீழே நின்று எண்ணினேன். முன்படியில் பதினான்கு பெண்கள், ஒரு கைக்குழந்தை. பின்படியில் ஒன்பது ஆண்கள், தொங்குகிறவர்கள் நால்வர். ஒரு காலும் தரையில் இல்லை. சேது தலையை நீட்டி என்னைப் பார்த்தார். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. டவுன் பஸ்ஸில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“புறப்படலாம்” என்றேன்.

“என்னா தாயி? கேக்கலை.”

ஜன்னலிலிருந்து இரண்டு விசில், ஒரு செருமல், “போலாம் ரைட்!”

“நீ செத்த சும்மா இரு. ஒன்னையக் கேக்கலை” என்று சேது ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பஸ் முழுவதும் சிரித்தது. உள்ளே எங்கேயோ கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த பாண்டி, “பயப்படாத தங்கச்சி, வகுத்துல இருந்து கத்து!” என்றார். ஜன்னலில் அப்பா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. என்ன சொன்னார் என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“புறப்படலாம்!”

எதிர்ச் சாரி மரத்திலிருந்து இரண்டு காகங்கள் எழுந்து பறந்தன. டீக்கடைக்காரர் கைதட்டினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. கண்ணைத் திறந்தேன். எல்லாம் உத்தரவின்படியே நடந்திருந்தது. அனைவரும் ஏறிவிட்டதை உறுதி செய்திருந்தேன், ஓட்டுநரின் காதில் விழும்படி அறிவித்திருந்தேன், சொந்தக் குரலில். வண்டியின் பின்பக்கத்தை நான் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிய ஒரு கணம் ஆயிற்று.

உள்ளேயிருந்து பாண்டி பதறிப்போய் ஒரு விசில் கொடுத்தார். நில் என்று பொருள். ஆனால் அந்த நிறுத்தத்தில் விசில் செல்லாது என்று முந்தின நாள் மாலைதான் முடிவாகியிருந்தது. சேது சட்டத்தை மதிப்பவர். அவர் நிற்கவில்லை.

செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புத்தகங்களை மறு கையில் அணைத்துக்கொண்டு, திண்டுக்கல் சாலையில் ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன்.

“அண்ணே! நிறுத்துங்கண்ணே! நான் இன்னும் ஏறலைண்ணே!”